பொட்டு வைத்த டிரைவ்

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நான் காவலர்!!! கருந்திரைக் குழுவின் காவலர்களில் ஒருத்தியாக என்னைப் போட்டுவிட்டார் நிரஞ்சன் அண்ணா! குழுவில் நாலாயிரம் பேர். சங்கரன்கோவிலில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கிற இசக்கிக்கு அதில் யாரையும் வெளியே தள்ளுகிற அதிகாரம்! காலேஜில் ஒருநாள்கூடக் கணினி படித்ததில்லை. எனக்குத் தெரிந்தது அத்தனையும் அவருடைய வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. இந்தக் குறிப்பைக்கூடக் கறுப்புத் திரையில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

மவுஸைப் பிடித்து, படத்தைச் சொடுக்கி, 'ஆம்', 'இல்லை' பொத்தானை அமுக்கி வேலை பார்க்கிறவர்களுக்கு எங்கள் குழுவில் எலிக்காரர்கள் என்று பெயர். கறுப்புத் திரையில் கட்டளை தட்டுகிறவர்கள் படை. "எலி கெஞ்சும், கட்டளை ஆளும்" என்று ஒவ்வொரு வீடியோ முடிவிலும் அண்ணா சொல்லும்போது எனக்குப் புல்லரிக்கும்.

முதல் நாளே வேலை வந்தது. 'எலிவால்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவன். குழுவின் உச்சியில் அண்ணா ஒட்டிவைத்திருக்கிற புகழ்பெற்ற ஒற்றை வரி இருக்கிறதே, செருகியிருக்கும் கார்டு, டிரைவ் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்மட் செய்கிற வரி, அதைப் போய்க் குறை சொல்கிறான். "இந்த வரி கணினியோட சொந்த டிஸ்க்க மட்டும்தான் விட்டுவைக்குது. மத்தபடி செருகிருக்க எதையும் ஒரு வார்த்த கேக்காம அழிக்கும். பேக்கப் டிரைவ செருகி வச்சிருக்கவன் கதி என்ன?" என்று எழுதியிருந்தான்.

செருகி வைத்திருப்பது அவன் தப்பு! "எலிகளுக்கு இங்கே இடமில்லை" என்று எழுதிவிட்டு வெளியே தள்ளினேன். இருநூறு பேர் சிரித்தார்கள். அண்ணா எனக்கென்றே குரல்செய்தி அனுப்பினார்: "சபாஷ் இசக்கிம்மா. நம்ம படைக்கு இப்படி ஆளுதான் வேணும்." பின்னணியில் டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். பேனாவை அமுக்கிக்கொண்டே யோசிக்கிற பழக்கம் போலிருக்கிறது. ஆறு தடவை கேட்டுவிட்டேன்.


ஆகஸ்ட் 26, செவ்வாய்

கடையில் ஆவணி முகூர்த்த நெருக்கடி. காலையிலிருந்து பாஸ்போர்ட் போட்டோ, நடுவே ஆல்பம் டிசைன். பேச்சிமுத்து அண்ணாச்சி (என் முதலாளி) கேமராவுக்கெல்லாம் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. கல்யாணம் எடுத்து வந்ததும் கார்டில் இருப்பதை இரண்டு டிரைவில் ஏற்ற வேண்டும். ஏற்றி முடிந்ததும் அண்ணாச்சி குங்கும டப்பாவைத் திறந்து, இரண்டு டிரைவுக்கும் நெற்றியில் பொட்டு வைப்பார். பொட்டு இருந்தால் உள்ளே ஒரு கல்யாணம் இருக்கிறது, யாரும் தொடக் கூடாது. ஆல்பமும் வீடியோவும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு டிரைவைக் காலி செய்து பொட்டைத் துடைக்க வேண்டும். காலி டிரைவில் பொட்டு இருக்கக் கூடாது. இரண்டு டிரைவிலும் பொட்டு விழுந்த பிறகுதான் கார்டைப் பார்மட் செய்யலாம்.

நான் வந்த புதிதில் சிரித்தேன். இப்போது பழகிவிட்டது.

பின்னறைக் கணினியில் லினக்ஸ் போட்டது நான்தான். கார்டு ஏற்றுவதும் பார்மட் செய்வதும் அதில்தான். அண்ணாச்சி அதில் எலி ஓட்டுவார். ஒவ்வொரு டிரைவும் ஒரு படமாகத் தெரியும், மணப்பெண் பேர் எழுதியிருக்கும், எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று நீலக் கட்டம் காட்டும். அதைப் பார்த்து, வாய்க்குள் படித்து, கண்ணாடியைத் தூக்கி இன்னொரு தடவை பார்த்து, அப்புறம் சொடுக்குவார். ஒரு கார்டுக்கு ஒரு டீ குடித்துவிடலாம்.

"அண்ணாச்சி, ஒரே வரில அஞ்சாறு கார்டையும் முடிச்சிருவேன். நீங்க இன்னும் எலியப் பிடிச்சுக்கிட்டு இருக்கியளே."

"நீ முடிச்சிருவட்டி. எதை முடிச்சன்னு எனக்குத் தெரியணும்லா?"

"திரையில எழுதுமே."

"கறுப்புல வெள்ளையா என்னத்தையோ எழுதுது. எனக்கு அது போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் மாதிரி இருக்கு. போ, வெளிய ஆள் நிக்கி."

எலிக்காரர். நல்ல எலிக்காரர், ஆனாலும் எலிக்காரர்.


ஆகஸ்ட் 28, வியாழன்

கோமதி அக்கா கல்யாணம். ரத வீதி மண்டபம். நாலு கேமரா. பந்தியில் பால் பாயசம் இரண்டு தடவை வாங்கினேன்.

கோமதி அக்கா எனக்கு இரண்டு தெரு தள்ளி. மாப்பிள்ளைக்குக் கனடாவில் வேலை, பத்து நாளில் திரும்பிப் போகிறார். அக்காவுக்கு விசா நேர்காணல் அடுத்த மாதம். கல்யாணம் உண்மையாக நடந்தது என்று காட்ட ஆல்பமும் முழு வீடியோவும் வேண்டும் என்று ஏஜென்ட் சொல்லியிருக்கிறாராம். மணவறையிலிருந்து இறங்கும்போது என் கையைப் பிடித்து, "இசக்கி, ஒங்கைலதான் என் பிளைட் டிக்கெட் இருக்கு" என்று சிரித்தாள்.


ஆகஸ்ட் 29, வெள்ளி

காலையிலேயே கார்டெல்லாம் இரண்டு டிரைவிலும் ஏற்றியாகிவிட்டது. அண்ணாச்சி பொட்டும் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை என்பதால் சூடமும் காட்டினார். பிறகு, "ஞாயித்துக்கெழம புளியங்குடி கல்யாணம். கார்டெல்லாம் பார்மட் பண்ணி வச்சிரு" என்று சொல்லிவிட்டு சாப்பிடப் போனார்.

இதுதான் நேரம் என்று நினைத்தேன். அவர் வந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்திருக்க வேண்டும். "எப்படிட்டி அதுக்குள்ள?" என்று கேட்க வேண்டும். கார்டுகளை வரிசையாக ரீடரில் செருகினேன். ஒற்றை வரியை ஒட்டினேன். தட்டினேன்.

கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது! அவ்வளவு வேகம்! அண்ணாவுக்கு அனுப்பலாம் என்று திரையைப் படம் எடுத்தேன்.

படம் எடுக்கும்போதுதான் வரிகளை எண்ணினேன். கார்டுகளைவிட இரண்டு வரி கூடுதலாக இருந்தது.

அண்ணாச்சி பொட்டு வைத்ததும் எப்போதும் டிரைவை உருவிப் பீரோவில் வைத்துவிடுவார். இன்று சூடம் காட்டிய கையோடு போய்விட்டார். இரண்டும் மேசைக்குக் கீழே, கணினியின் முதுகில், செருகியபடியே இருந்தன.


அதே நாள், சாயங்காலம்

டிரைவ்களை ஈரத்துணியால் துடைத்துப் பீரோவில் வைத்தேன். காலி டிரைவில் பொட்டு இருக்கக் கூடாது. அது கடைச் சட்டம்.

அண்ணாச்சி வந்ததும், "எல்லாம் ஆச்சா?" என்றார். ஆச்சு என்றேன்.


ஆகஸ்ட் 30, சனி

பயப்பட ஒன்றுமில்லை. நிரஞ்சன் அண்ணா இருக்கிறார்.

மதியம் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்குக் குரல்செய்தி அனுப்பினேன். கோவிலில் உச்சிக்கால மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. போனைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசினேன். கடைப் பேர், கோமதி அக்கா, விசா, எல்லாவற்றையும் சொன்னேன். "நான்தான் அடிச்சேன். நீங்க ஒட்டி வச்ச வரியத்தான் அடிச்சேன் அண்ணா. எல்லாம் போயிருச்சு" என்றேன். கொஞ்சம் அழுதேன் என்று நினைக்கிறேன்.

உடனே பதில் வந்துவிட்டது! எவ்வளவு பெரிய ஆள், எவ்வளவு வேலை இருக்கும்! "பதறாத இசக்கிம்மா. குழுவுல போடாத. கடையிலயும் யாருகிட்டயும் மூச்சு விடாத. எலிக்காரங்களுக்குத் தெரிஞ்சா கத்துவாங்க. திங்கள்கிழமை நான் வழி சொல்றேன்."

மூச்சு விடவில்லை.

சாயங்காலம் அண்ணாச்சி கேமராப் பையில் கார்டுகளை எடுத்து வைத்தார்.

"கார்டெல்லாம் காலியா?"

"காலி அண்ணாச்சி."

அது பொய்யில்லை.


ஆகஸ்ட் 31, ஞாயிறு

புளியங்குடியில் முகூர்த்தம். இந்நேரம் கார்டுகள் நிறைந்துகொண்டிருக்கும்.

எனக்கு வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன்.


செப்டம்பர் 1, திங்கள்

அண்ணா வழி சொல்லிவிட்டார். டிரைவ் முன்பு எந்த வகையில் பார்மட் ஆகியிருந்ததோ, அதே வகையில் இன்னொரு தடவை பார்மட் செய்தால் பழைய கோப்பெல்லாம் தெரிய ஆரம்பிக்குமாம். கட்டளையை அனுப்பினார். எப்படிச் செய்வது என்று அவருடைய திரையையும் படம் எடுத்து அனுப்பினார்.

அந்தப் படத்தின் ஓரத்தில் அண்ணாச்சி ஓட்டுவாரே, அதே எலி மென்பொருள் திறந்திருந்தது. நீலக் கட்டங்கள், டிரைவ்களுக்குப் பேர். ஒன்றுக்கு 'மிச்சம் 1', இன்னொன்றுக்கு 'மிச்சம் 2'. அடுத்த வீடியோவில் கிண்டல் செய்வதற்காகத் திறந்து வைத்திருப்பார்.

முதல் டிரைவில் கட்டளையைத் தட்டினேன். "பூஜ்ஜியங்களால் நிரப்புகிறது" என்று ஆங்கிலத்தில் வந்து, பக்கத்தில் சதவீதம் ஏற ஆரம்பித்தது. பயந்துபோய் அண்ணாவைக் கேட்டேன்.

"அது சும்மா அப்படிக் காட்டும்மா. ஓட விடு."

ஓட விட்டேன். வெளியே ஒரு குடும்பம் ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்க வந்திருந்தது. குழந்தை கண்ணைத் திறக்கவே இல்லை. நான் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது.


செப்டம்பர் 2, செவ்வாய்

முடிந்தது. திறந்து பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. இவ்வளவு சுத்தமாக ஒரு டிரைவை நான் பார்த்ததில்லை.

அண்ணா: "அப்ப ரெண்டாவது டிரைவ்லயும் அதே கட்டளைய ஓட்டும்மா. அதுல வரும்."

தட்டி வைத்தேன். கடைசிப் பொத்தானை மட்டும் அமுக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. அண்ணா அனுப்பிய திரையின் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். மிச்சம் 1. மிச்சம் 2.

"அண்ணா, எதோட மிச்சம்?" என்று கேட்டேன்.

அப்புறம் குரல்செய்தி. சிரித்துக்கொண்டே பேசினார். "அட, அது எல்லாருக்கும் ஒருதடவ நடக்கும்மா. மாசி மாசம் எனக்கே நடந்துச்சு. அதே வரிதான், என் பேக்கப்பையும் சேத்துத் தின்னுருச்சு. அதுலருந்து நான் இதுக்கெல்லாம் மவுஸ்தான். நீ இத வெளிய சொல்லிக்கிட்டு இருக்காத." பின்னால் டிக், டிக் என்று கேட்டது.

அது பேனா இல்லை.

இரண்டாம் தடவை கேட்கலாம் என்று அமுக்கினேன். "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று வந்தது.

மாசி. இது ஆவணி. அந்த வரி இத்தனை மாதமும் குழுவின் உச்சியில்தான் இருந்தது. அதைக் குறை சொன்னவனை வெளியே தள்ளியதற்கு எனக்குச் சபாஷ் சொன்னார்.

வேலை நெருக்கடியில் மறந்திருப்பார். அப்படித்தான் இருக்கும்.


செப்டம்பர் 3, புதன்

உச்சியில் ஒட்டியிருந்த வரி மாறிவிட்டது. இப்போது அது ஒவ்வொரு டிரைவாகக் காட்டி, "அழிக்கவா?" என்று கேட்கிறது. ஓரத்தில் சின்ன எழுத்தில் 'திருத்தப்பட்டது'. அவ்வளவுதான். எப்போது, ஏன், யாருக்கு என்ன ஆனது என்று ஒரு சொல் கிடையாது. இன்று புதிதாகச் சேருகிறவனுக்கு அது எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கும்.

மதியம் கோமதி அக்கா வந்தாள். கழுத்தில் புதுத் தாலி, கையில் பலகாரச் சம்புடம்.

"அண்ணாச்சி, அதிரசம் கொண்டாந்திருக்கேன். எங்க வீட்டு ஆளு போறதுக்குள்ள வீடியோ ஒருதடவ பாத்துட்டுப் போறேங்காவ. ஆயிருமா?"

"ஆயிரும் தாயீ. இசக்கிதான் வெட்டி ஒட்டணும்" என்று அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"இசக்கி, தாலி கட்டும்போது நான் அழுதேனாம்ல? இவுஹ சொல்லுதாவ. எனக்கு ஒண்ணும் ஞாபகமே இல்லட்டி. அதைப் பாக்கணும் எனக்கு."

கையிலிருந்த அதிரசத்தை மேசைமேல் வைத்தேன். அவள் போனதும் அண்ணாச்சியிடம், "ரெண்டு டிரைவும் திறக்க மாட்டேங்குது அண்ணாச்சி. கோளாறு போலிருக்கு" என்றேன்.

அவர் எழுந்து பீரோவைத் திறந்தார். டிரைவ்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டு, "பாரு" என்றார். அவ்வளவுதான்.


செப்டம்பர் 4, வியாழன்

எலிவாலுக்கு எழுதினேன். வேறு யாருக்கு எழுதுவது? ராஜபாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாராம். நான் பையன் என்று நினைத்திருந்தேன். இரண்டு குழந்தைக்கு அப்பா.

"என்னையக் கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுன கையா இது?" என்று முதலில் கேட்டார்.

"ஆமாண்ணே."

"நல்லா வேகமான கை. சரி, சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னேன். போன் பண்ணினார்.

"மொத டிரைவ மறந்துரும்மா. பூஜ்ஜியம் ஊத்திட்டா அதுல ஒண்ணும் இல்ல. ரெண்டாவதுல அந்தக் கட்டளையப் போட்டியா?"

"தட்டி வச்சேன். போடல."

"அத அழி. டிரைவ அப்படியே வை. ஒரு எழுத்துகூட அதுல எழுதாத. கார்டெல்லாம் எங்க?"

"ஞாயித்துக்கெழம வேற கல்யாணத்துக்குப் போயிருச்சு."

அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மெஷினை அணைத்தார். "எம்மா, பார்மட் பண்ணுனாலும் மேல வேற படம் ஏறாத வரைக்கும் பழசு கார்டுக்குள்ளதான் கெடக்கும். வெள்ளிக்கெழமையே ஒங்க மொதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா எல்லாத்தையும் எடுத்திருக்கலாம்லா. யாரு ஒன்னய வாயப் பொத்தச் சொன்னது?"

யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு மீட்பு மென்பொருளின் பெயரைச் சொன்னார். "எலி ஓட்டுறதுதான். ஒனக்கு ஒத்துக்கிடுமா?" என்று சிரித்தார்.


செப்டம்பர் 6, சனி

நிரஞ்சனின் புது வீடியோ. தலைப்பு: "ஒரு ரசிகை செய்த பயங்கரத் தவறு!"

நான் பார்க்கவில்லை. அண்ணாச்சிதான் பார்த்திருக்கிறார். அவருடைய மச்சான் மகன் யாரோ அனுப்பியிருக்கிறான், "மாமா, இது நம்ம கடையா?" என்று. காலையில் கடைக்குள் நுழைந்ததும் போனை மேசைமேல் வைத்து அமுக்கினார்.

கறுப்புத் திரை. அதில் வெள்ளையாக ஒலி அலை துடிக்கிறது. என் குரல்.

"அண்ணா, நான் கண்மணி ஸ்டுடியோ இசக்கி… நான்தான் அடிச்சேன்… எல்லாம் போயிருச்சு." அப்புறம் நான் அழுகிறேன். நான் நினைத்ததைவிட நிறைய அழுதிருக்கிறேன். அதற்குக் கீழே சோகமாக ஒரு வயலின் போட்டிருந்தான். பிறகு அவன் முகம். "பாருங்க நண்பர்களே, இதுக்குத்தான் சொல்றேன், படிக்காம கட்டளையத் தட்டாதீங்க. நம்ம குழுவுல இருக்குற வரி கேட்டுட்டுத்தான் அழிக்கும். இந்தப் பொண்ணு எதையோ மாத்தித் தட்டிட்டாங்க, பாவம்."

கீழே கருத்துகள். "பாவம் அண்ணா, எவ்ளோ பொறுமையா உதவுறீங்க." "இதையெல்லாம் காவலரா போட்டீங்களே." எல்லாம் எனக்குத் தெரிந்த பேர்கள். என்னுடைய கிண்டலுக்கெல்லாம் சிரித்தவர்கள்.

அண்ணாச்சி இன்னொரு தடவை ஓட்டினார். எனக்குக் கேட்டது. 'நான்தான் அடிச்சேன்' என்ற இடத்தில் உச்சிக்கால மணி ஒன்று அடிக்க ஆரம்பிக்கிறது. கணீர் என்று எழும்பி, பாதியில் அறுந்துவிடுகிறது. அடுத்தது 'எல்லாம் போயிருச்சு'. நடுவில் நான் சொன்னதைக் காணோம்.

"வெட்டிருக்கான் அண்ணாச்சி. மணி பாதில நிக்கி பாருங்க. நடுவுல, நீங்க ஒட்டி வச்ச வரியத்தான் அடிச்சேன்னு சொன்னேன். முழுசும் எங்கிட்ட இருக்கு. போட்டுக் காட்டுதேன்."

"வேண்டாம். கல்யாண வீடியோ வெட்டி வெட்டி இருவது வருசம் ஆச்சு, எனக்கும் காது கேக்கும்." போனை அணைத்தார். "வெட்டுனது அவன் பாடு. அவன் எனக்கு யாரு? நீ சொல்லு. டிரைவ் அழிஞ்சத மிஷின் கோளாறுன்னே வச்சுக்கிடுதேன். பொட்ட அழிச்சது யாரு?"

நான் மேசைமேல் இருந்த குங்கும டப்பாவை ஓரமாக நகர்த்தினேன்.

"வெள்ளிக்கெழம சாயங்காலமே பாத்தேன். ஜன்னல்ல காயப்போட்டிருந்த துணில குங்குமம். ரெண்டுமே போயிருக்கும்னு நெனைக்கல. சரி, பிள்ள பயந்துட்டு, நாளைக்குச் சொல்லும்னு இருந்தேன். சனிக்கெழம கார்டு காலியான்னு கேட்டேன்லா? எதுக்குக் கேட்டேன்? அன்னைக்காவது சொல்லுவன்னுதான். கோளாறுன்னு நீ கத விட்டதும் பீரோவத் தெறந்து காட்டுனேன். அதுக்கும் வாயத் தெறக்கல. ஊருல எவன்கிட்டயோ அழுதிருக்க. எங்கிட்ட ஏம்ட்டி அழல?"

"திட்டுவியன்னு…"

"திட்டிருப்பேன். திட்டிட்டு கார்டப் பையிலருந்து எடுத்துருப்பேன்."

வெளியே யாரோ, "பாஸ்போர்ட் சைஸ் எடுக்கணும்" என்று கூப்பிட்டார்கள். அவரே எழுந்து போனார்.


செப்டம்பர் 7, ஞாயிறு

குழுவில் என் குரல்செய்தியை முழுதாகப் போட்டேன். மணி முழுதாக அடித்தது. பத்துப் பேராவது கேட்டிருப்பார்கள். அதற்குள் நீக்கிவிட்டார்கள். திரும்பப் போட்டேன். "எலிகளுக்கு இங்கே இடமில்லை" என்று புதுக் காவலர் எழுதினான். நான் எழுதியதுதான், எழுத்து மாறாமல்.

பிறகு குழுவையே காணோம். எனக்கு மட்டும்.


செப்டம்பர் 8, திங்கள்

கோமதி அக்கா வீட்டுக்கு அண்ணாச்சி தானே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அங்கே என்ன பேச்சு வாங்கினார் என்று சொல்லவில்லை. சட்டையெல்லாம் வியர்வை. "எங்கடைல தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லிருக்கேன்" என்றார். என் பேரைச் சொன்னாரா தெரியவில்லை.


செப்டம்பர் 10, புதன்

எலிவால் சொன்ன மென்பொருள் இரண்டாவது டிரைவைத் தோண்டிக்கொண்டே இருக்கிறது. படங்கள் வருகின்றன. பேர் கிடையாது, வரிசை கிடையாது, வெறும் எண்கள். பாயசம், செருப்பு, மாலை, யாரோ ஒருத்தரின் காது. கறுப்புத் திரையில் இவை எல்லாம் ஒரேமாதிரி எண்கள்தான். கண்ணால் பார்த்தால்தான் எது என்ன என்று தெரிகிறது. ஒவ்வொன்றாகச் சொடுக்குகிறேன். டிக். டிக்.

கோமதி அக்கா வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். என்னோடு பேசவில்லை. திரையோடுதான் பேசினாள். "இது காலைல. இது நலுங்கு. இது எங்க சித்தி, மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு." அவள் சொல்லச் சொல்ல நான் அடுக்கினேன்.


செப்டம்பர் 12, வெள்ளி

முகூர்த்த வீடியோ ஒன்று கிடைத்தது. ஒரே ஒரு கேமராவுடையது. படம் இருக்கிறது, ஒலி இல்லை. மற்ற மூன்றும் துண்டு துண்டாக, திறக்கவே இல்லை.

இரண்டு பேரும் பார்த்தோம். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்புகிறது, சத்தம் இல்லை. அட்சதை விழுகிறது, சத்தம் இல்லை. மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். அக்கா குனிகிறாள். அழுகிறாள். எதையோ சொல்லிக்கொண்டே அழுகிறாள்.

"நான் என்ன சொல்லுதேன் இசக்கி?"

நிறுத்தி, பின்னால் போய், திரும்ப ஓட்டினேன். உதட்டை உற்றுப் பார்த்தோம். தெரியவில்லை.

"விசாவுக்கு இது போதும்னு ஏஜென்ட் சொல்லிட்டாரு" என்றாள். அந்த இடத்தையே இன்னும் இரண்டு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். சம்புடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.


செப்டம்பர் 15, திங்கள்

நிரஞ்சன் எழுதியிருக்கிறான். "கோச்சுக்காத இசக்கிம்மா. வீடியோ நல்லாப் போகுது. ஒன் பேரு எத்தன பேருக்குத் தெரிஞ்சிருக்கு பாரு." பதில் எழுதவில்லை. அவனுடைய பழைய குரல்செய்திகள் எல்லாவற்றையும் அழித்தேன். சபாஷ் சொன்னதை மட்டும் இன்னொரு தடவை கேட்டுவிட்டு அழித்தேன்.

காலையில் புதிதாக ஒரு வரி எழுதினேன். கறுப்புத் திரையில்தான். செருகியிருக்கிற ஒவ்வொரு டிரைவையும் அது பேர் சொல்லிக் காட்டும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். மணப்பெண் பேரை நாம் தட்டினால்தான் அழிக்கும். அண்ணாச்சியிடம் ஓட்டிக் காட்டினேன்.

"இந்தக் கறுப்புத் திரைக்கு முன்னாலயே பேரு சொல்லத் தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி."

"அப்ப ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல. அவனும் கேக்கச் சொல்லல, நானும் கேக்கல."

"ம்" என்றார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. தூக்கிப் போடு என்றும் சொல்லவில்லை.

கோமதி அக்காவின் மீட்ட படங்களை இரண்டு புது டிரைவில் ஏற்றி முடித்தேன். வழக்கமாக இந்த இடத்தில் அண்ணாச்சி உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஆச்சா?" என்பார். நான் "ஆச்சு" என்பேன். டப்பாவைத் திறப்பார். என் சொல்லே போதும்.

இன்று டிரைவ்களை நீட்டினேன். "ஆச்சு அண்ணாச்சி" என்றேன். அவர் வாங்கிக்கொண்டு எழுந்தார். பின்னறைக்குப் போய் ஒன்றைச் செருகினார். கண்ணாடியைத் தூக்கி, மவுஸைப் பிடித்து, உள்ளே கோமதி இருக்கிறாளா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். உருவிவிட்டு இரண்டாவதைச் செருகினார். அதிலும் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் பொட்டு வைத்தார்.